மணிக்கயிற்றில் இரண்டு படி

வட துருவப் பனி நிலையம், செவ்வாய்
பொறுப்பு: இசக்கியம்மாள் சுப்பையா, பனி ஆய்வாளர்
பணியில் இருப்போர்: ஒருவர்

நாள் 141, காலை 08:10

வெளியே மைனஸ் எழுபத்தொரு டிகிரி. காற்று லேசு. துளைக்கருவி ஓடுகிறது. மின் ரசமட்டம் சுழியம் காட்டுகிறது. நிலையம் நேராக நிற்கிறது என்று பொருள். பூமியோடு பேசும் பெரிய தட்டு ஆன்டெனாவில் மட்டும் சமிக்ஞை சில வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தூசி படிந்திருக்கும். துடைக்க வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை. இந்தப் பதிவேட்டைக் கண்டெடுப்பவருக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று விதி இருப்பதால், கண்டெடுப்பவரே, கேளுங்கள். என் பெயர் இசக்கி. பனியைத் துளைத்து அதன் வயதைக் கண்டுபிடிக்க வந்தவள். எனக்கு முன்னால் இருந்த குழு ஊர் திரும்பிய பிறகு நான்கரை மாதமாகத் தனி ஆள். அடுத்த குழு மூன்று பேர், மேலே விண்கலத்தில் வந்துகொண்டிருக்கிறார்கள். இப்போது இங்கே கோடை. சூரியன் மறைவதே இல்லை, செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது.

வேலை முடிந்தால் படம் போடுவேன். தென்காசியில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் தங்கை பேச்சியும் நானும் சேர்ந்து சொந்தமாக ஒரு கார்ட்டூன் தொடர் தயாரிக்கிறோம். செவ்வாய்க்குத் தப்பி வந்துவிட்ட மொச்சை என்ற வெள்ளாட்டின் கதை. ஆட்டை நடக்க வைப்பதும், அதற்குக் குரல் கொடுப்பதும் பேச்சி. ஆடு நிற்கும் இடமெல்லாம் நான். பின்னணிப் படங்களைப் பழைய வீடியோ கேம் மாதிரி சதுரம் சதுரமாக, பதினாறே நிறத்தில் வரைகிறேன். அழகுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். சொந்தத் தபாலுக்கு எனக்கு ஒரு நாளைக்குப் பத்துக் கிலோபைட்தான் தருகிறார்கள். நல்ல புகைப்படம் ஒன்றை அனுப்பினால் போய்ச் சேர மாதக்கணக்காகும். சதுரப் படம் என்றால் ஒரே தபாலில் அடங்கிவிடும்.

தென்காசிப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். மேலே வருகிற மூவரும் பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனதால், கலத்துக்கு வாரம் ஒருமுறை அனுப்பும் பொழுதுபோக்குப் பொட்டலத்தில் மொச்சையையும் சேர்த்துவிட்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.

நாள் 143, மாலை 16:30

பேச்சியோடு சண்டை. வழக்கமான சண்டை.

என் வேலை முறை இது. கேமரா எடுத்த படத்தை அடியில் வைத்து, மேலே ஒவ்வொரு சதுரமாக நிரப்புவேன். கற்பனை கிடையாது. நிலையத்தின் கூரையிலுள்ள கேமராவில் தெரியும் அடிவானம்தான் வெளிக்காட்சிக்கெல்லாம் அடிப்படை. அந்தக் கோட்டில்தான் ஆடு நடக்க வேண்டும்.

கோடு நேராக இருந்தால் பிரச்சினை இல்லை. ஒரு மயிரிழை சாய்ந்தாலும் சதுரப் படத்தில் படி விழும். நேராகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று ஒரு சதுரம் ஏறும். பார்க்கவே சகிக்காது. ஒன்றரை மாதமாகக் கேமரா தாங்கி தளர்ந்து வருகிறது போலும். கோட்டில் முதலில் ஒரு படி விழுந்தது, பிறகு இரண்டு, இப்போது நான்கு. விழ விழ நான் நிமிர்த்திவிடுகிறேன். இந்த முறை ஓரிடத்தில் மறந்துவிட்டேன். பிடித்துக்கொண்டாள்.

பேச்சியின் தபால்: "எக்கா, வலது பக்கம் போனா ஆடு ஐஸுக்குள்ள முங்குது. முட்டு வரைக்கும் காணோம். ஒழுங்கா வரைஞ்சி அனுப்பு. பிள்ளையள்லாம் கேலி பண்ணும்."

நிமிர்த்தி அனுப்பிவிட்டேன். இப்போது அடிவானம் நூல் பிடித்த மாதிரி இருக்கிறது.

நாள் 146, காலை 09:00

பெரிய ஆன்டெனா செத்துவிட்டது. தட்டைத் துடைத்தேன், இணைப்புகளைக் கழற்றி மாட்டினேன், கெட்ட வார்த்தையில் திட்டியும் பார்த்தேன். கருவியில் ஒரு பழுதும் இல்லை. பூமி இருக்கிற திசையைத்தான் பார்க்கிறது, ஆனால் பூமி கிடைக்கவில்லை.

மிச்சம் இருப்பது கூரையிலுள்ள சின்ன ஆன்டெனா. தலைக்கு மேல் செயற்கைக்கோள் கடக்கும்போது மட்டும், நாளுக்கு ஒரு தபால். போவதும் வருவதும் பூமி வழியாகத்தான். மேலே வரும் கலத்தோடு நேராகப் பேச வழியில்லை. அவர்களுடைய சொந்தத் தபாலையும் இறங்கும் வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கவனம் சிதறக்கூடாதாம்.

நாள் 156இல் இறங்குகிறார்கள். ஓட்டுபவள் ஜெபராணி, நாகர்கோவில்காரி, பயிற்சியில் என்னோடு ஆறு மாதம் ஒரே அறையில் இருந்தவள். இறங்குதளம் நிலையத்தின் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். வந்ததும் அவளுக்குக் கொடுக்க ஒரு பொட்டலம் அல்வாத் தூள் ஒளித்து வைத்திருக்கிறேன்.

நாள் 147, காலை 10:20

பேச்சியின் தபால்: "எக்கா, சமையக்கட்டுப் படம் வந்துட்டு. நல்லா இருக்கு. ஆனா மணி ஏன் சாஞ்சி தொங்குது? நான் குடுத்தேம்லா, அந்த ஆட்டு மணி. முதப் படத்துல அலமாரி ஓரத்தோட ஒட்டி நேரா கெடந்துச்சி. இப்ப கயித்துல ரெண்டு படி விழுந்திருக்கு. அங்கன வீட்டுக்குள்ளயே காத்தடிக்குதா? இல்ல வரையும்போது தூங்கிட்டியா? நான் ஒரு கட்டம் தப்புனா அந்த வையி வைவ. மாத்தி அனுப்பு."

சமையல் மூலையில் ஒரு கொக்கியில் நீளமான கயிறு கட்டி அந்தப் பித்தளை மணியைத் தொங்க விட்டிருக்கிறேன். ஒவ்வொரு கதையும் மொச்சை அங்கே திருடித் தின்பதில்தான் தொடங்கும் என்பதால், அந்த இடத்தை ஐந்து முறை வரைந்திருக்கிறேன். தொங்குகிற பொருள் கொஞ்சம் சாய்ந்திருந்தால் படத்துக்கு உயிர் வரும் என்று அதை மட்டும் நிமிர்த்தவில்லை. உள்ளே இருக்கும் கேமரா காட்டியதை அப்படியே நிரப்பினேன்.

சிரித்துக்கொண்டே பதில் எழுதத் தொடங்கினேன். "காற்றும் இல்லை, தூக்கமும் இல்லை" என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். காற்று இல்லாத இடத்தில் மணி ஏன் சாய வேண்டும்? கயிறு சாயாது. கயிறு எப்போதும் கீழ்நோக்கித்தான் தொங்கும். அலமாரிதான் சாய்ந்திருக்க வேண்டும்.

பதிலை அப்படியே விட்டுவிட்டு, சோதித்துப் பார்க்கப் போகிறேன்.

நாள் 147, நண்பகல் 12:45

உறுதி செய்துவிட்டேன். கோப்பையில் விளிம்பு வரை தேநீர் ஊற்றினேன். இறங்குதளத்தின் பக்கம் வழிந்தது, எதிர்ப்பக்கம் விளிம்பு தெரிந்தது. கோப்பையைத் திருப்பி வைத்து மறுபடி ஊற்றினேன். அதே பக்கம் வழிந்தது.

நிலையம் சாய்ந்துகொண்டிருக்கிறது. பூமியில் என்றால் என் கால் சொல்லியிருக்கும். இங்கே என் கனம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொஞ்சம். கால் ஒன்றும் சொல்லவில்லை.

அப்படியானால் ரசமட்டம் ஏன் சுழியம் காட்டுகிறது? அதன் நிரலைத் திறந்து பார்த்தேன். முந்தைய குழுவில் யாரோ ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். காற்று அடிக்கும்போதெல்லாம் நிலையம் லேசாக ஆடும். ஆடினால் அபாயச் சங்கு ஊதும். சாப்பிட உட்கார்ந்தால்கூட ஊதும். அந்தத் தொல்லை தாங்காமல், தினமும் காலையில் நிலையம் எப்படி நிற்கிறதோ அதையே நேர் என்று வைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். ஒரு நாளில் சாய்வது மிகக் குறைவு, சங்கு ஊதாது. அடுத்த நாள் கணக்கு மறுபடி சுழியத்திலிருந்து. அட பாவிகளா!

பெரிய ஆன்டெனா திசை பார்ப்பது இந்த ரசமட்டத்தை நம்பித்தான். அதனால்தான் பூமியைத் தவறவிட்டது.

சாய்வதற்குக் காரணமும் தெரிகிறது. நிலையத்தின் கழிவுச் சூட்டை விடும் குழாய்கள் இறங்குதளத்தின் அடியில் ஓடுகின்றன, தளத்தில் பனி பிடிக்காமல் இருக்க. இங்கே காற்றழுத்தம் குறைவு. சூடு பட்ட பனி உருகாது, நேரே ஆவியாகிப் போய்விடும். தண்ணீர் தேங்காது, ஒழுகாது. மேலே தோல் அப்படியே இருக்க, அடியில் ஒன்றும் இல்லாமல் போகும்.

அந்தத் தோலின் மேல் ஒன்பது நாளில் ஜெபராணியும் மற்ற இருவரும் நெருப்பைக் கக்கிக்கொண்டு இறங்கப் போகிறார்கள்.

கட்டுப்பாட்டு அறைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். இறங்குவதை நிறுத்துங்கள் என்று எழுதினேன். பேச்சிக்கும் ஒரு நகல்.

நாள் 149, காலை 10:25

பணித்தலைவர் வேதமுத்துவின் பதில்: "உங்கள் செய்தி கிடைத்தது. ரசமட்டப் பதிவுகளில் எந்தச் சாய்வும் இல்லை. நீங்கள் சொல்லும் அந்த வரி எங்களிடம் இருக்கும் நகலில் இல்லை. தொடருக்காக நீங்கள் அனுப்பிய வெளிக்காட்சிப் படங்களையும் எங்கள் குழு அளந்து பார்த்தது. கடைசிப் படம் வரை அடிவானம் மிகத் துல்லியமாக நேராக இருக்கிறது. நிலையம் சாய்ந்திருந்தால் அது சாத்தியமில்லை. நீங்கள் நீண்ட காலம் தனியாக இருக்கிறீர்கள், அம்மா. மருத்துவர் உங்களோடு பேச விரும்புகிறார். இறங்கும் திட்டத்தில் மாற்றமில்லை."

மூன்று முறை வாசித்தேன். அடிவானம் நேராக இருக்கிறதாம். இருக்காதா பின்னே? உட்கார்ந்து உட்கார்ந்து நிமிர்த்தியவள் நான்தானே! கேமரா தாங்கி தளரவே இல்லை. நான்கு படி என் கண் முன்னால் விழுந்தது, படத்துக்கு அழகில்லை என்று ஒவ்வொன்றாக அழித்தேன். ரசமட்டம் செய்த வேலையைத்தான் நானும் செய்திருக்கிறேன். அதற்காவது சங்கு ஊதினால் எரிச்சல் வரும் என்று சாக்கு இருந்தது.

தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு அழுதேன். பிறகு அவர்களுக்கு மறுபடி எழுதினேன்: அடிவானத்தை நம்பாதீர்கள், அது நான் திருத்தியது, மணிக்கயிற்றைப் பாருங்கள், அதை நான் தொடவில்லை.

எழுதும்போதே தெரிந்தது, பைத்தியம் எழுதுகிற மாதிரித்தான் இருக்கிறது.

நாள் 151, காலை 11:00

வெளியே போய் இரும்புக் கம்பியால் பனியைக் குத்திப் பார்த்தேன். நிலையத்தின் பின்னால் குத்தினால் கம்பி கையில் உதைக்கிறது, கெட்டி. இறங்குதளத்தின் பக்கம் உதைக்கவில்லை. தளத்தின் விளிம்பில் கம்பி முழங்கை நீளம் இறங்கி, அப்புறம் எதிர்ப்பே இல்லாமல் போய்விட்டது. என் கையும் கூடவே போகப் பார்த்தது. குப்புற விழுந்து, தவழ்ந்தே திரும்பினேன்.

சின்ன ஆன்டெனாவின் கம்பி சாய்வில் இழுபட்டு விறைத்து நிற்கிறது. சுவரில் செருகியிருக்கும் அதன் முனை கழன்று கழன்று விழுகிறது. தபால் போகும்போது கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பேச்சியின் தபால்: "எக்கா, நான் நம்புதேன். அஞ்சு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா வச்சிப் பாத்தேன். கயிறு கொஞ்சங்கொஞ்சமா வெளிய நவுந்து வருது. அந்த ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஒரு பொம்பள பேசுனா, 'கார்ட்டூன் சம்பந்தமா இங்க பேசக்கூடாதும்மா'ங்கா. வச்சிட்டா. திரும்பப் போட்டேன். அஞ்சு தடவ வச்சிட்டா. சவத்தப் போட்டும். நான் வேற வழி பண்ணுதேன். இந்த வார மொச்சை மேல போவும்லா? அதை எவனும் தொறந்து பாக்கமாட்டான். பாக்க வேண்டியவிய பாப்பாவ."

என் தங்கச்சி மூளையே மூளை. பொழுதுபோக்குப் பொட்டலத்தை யாரும் சோதிப்பதில்லை. கலத்துக்குப் போகும் ஒரே சாளரம் அதுதான்.

கவலை ஒன்றுதான். இறங்குவதற்கு முந்தைய வாரத்தில், தலைக்கு மேல் அத்தனை வேலை கிடக்க, மூன்று பேர் உட்கார்ந்து ஆட்டுப் படம் பார்ப்பார்களா?

நாள் 154, காலை 10:40

பேச்சி கதையின் எழுத்து வடிவத்தை அனுப்பியிருக்கிறாள். மொச்சை சமையல் மூலையில் உட்கார்ந்து மணியைப் பார்க்கிறது. ஐந்து பின்னணியும் வரிசையாக வருகின்றன. ஆடு அசையவில்லை, கயிறு மட்டும் அலமாரியை விட்டு விலகுகிறது. பிறகு ஆடு திரும்பி நேராகப் பார்த்துச் சொல்கிறது: "ஜெபராணி அக்கா, இது கதை இல்ல. வீடு சாயுது. நீங்க எறங்கப் போற எடத்துக்குக் கீழ பொத்தலு. குதிச்சிராதீங்க."

நேற்று பொட்டலம் போய்விட்டதாம். திறந்தார்களா என்று தெரிய வழியில்லை.

இன்று கயிற்றில் நான்கு படி இருக்கும். இப்போது வரைந்து பார்க்கவே பயமாக இருக்கிறது. மேசையில் பேனா நிற்பதில்லை. தரைக்கு அடியிலிருந்து, அப்பளத்தை மெல்ல நொறுக்குகிற மாதிரி ஒரு சத்தம் அவ்வப்போது வருகிறது. மருத்துவர் என் தூக்கத்தைப் பற்றி ஏழு கேள்வி அனுப்பியிருக்கிறார். ஏழுக்கும் ஒரே பதில் போட்டேன், இங்கே எழுத முடியாது.

நாள் 156, பிற்பகல் 14:05

இறங்கும் நேரம் 14:20. விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு நிலையத்தின் பின்னால், கெட்டிப் பனியில் நிற்கிறேன். உடையிலிருந்தே பதிவு செய்கிறேன்.

தளத்தின் வழிகாட்டி விளக்குகளை அணைத்துவிட்டேன். அதனால் பயன் இல்லை, கலத்தின் நினைவில் தளத்தின் இடம் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டுகூட வந்து இறங்கும். இருந்தாலும் அணைத்தேன்.

14:18. மேலே ஒரு வெளிச்சப் புள்ளி. கலம்தான். நெருப்பு தெரிந்தால் இறங்குகிறார்கள் என்று பொருள்.

14:20. இன்னும் புள்ளிதான்.

14:21. வேண்டாம் ஜெபா. வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

14:24. புள்ளி தலைக்கு மேல் கடந்து போகிறது. நெருப்பு இல்லை. கடந்து அந்தப் பக்க அடிவானத்தில் மறைந்துவிட்டது. இறங்கவில்லை! ஆட்டைப் பார்த்திருக்கிறாள்! நான் இங்கே பனியில் நின்று குதிக்கிறேன், கத்துகிறேன், கேட்க ஒரு ஈ காக்கை இல்லை.

14:40. இதை நிதானமாக எழுதுகிறேன். மூன்று பேர் பிழைத்தார்கள். என்னைக் கொண்டுபோக வந்த வண்டியும் அதுதான்.

நாள் 157, காலை 10:20

தபாலில் பேச்சியின் கடிதத்தோடு இன்னும் இரண்டு செய்தி.

வேதமுத்து: "கலத்தின் ஓட்டுநர் எங்கள் உத்தரவை மீறி இறங்க மறுத்தார். காரணமாக உங்கள் தொடரின் இந்த வாரப் பகுதியை அனுப்பினார். கயிற்றை நாங்கள் அளந்தோம். நீங்கள் சொன்னது சரி. நான் உங்களை நம்பவில்லை, மன்னியுங்கள். கலத்தில் இன்னும் ஒருமுறை இறங்க மட்டுமே எரிபொருள் இருக்கிறது. நாளை 14:55. கெட்டியான இடம் எது என்று காட்டுங்கள். எண்களாக வேண்டாம், உங்கள் கருவிகள் எல்லாம் அந்த ரசமட்டத்தைக் கேட்டுத்தான் பேசுகின்றன. கூரைக் கேமராவில் தெரிவதை வரைந்து அனுப்புங்கள். மேலிருந்து எடுத்த வரைபடத்தோடு பொருத்திக்கொள்கிறோம். தயவுசெய்து எதையும் திருத்தாமல் அனுப்புங்கள்."

ஜெபராணி, அவர் மூலமாக: "மக்கா, சாப்பிடும்போ ஆட்டைப் போட்டோம். பயிற்சிக்குன்னு இதே மாதிரி கட்டுன வீட்டுல அதே அலமாரிக்கு முன்னாலதான ஆறு மாசம் தின்னோம், அது நேரா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எடத்தை மட்டும் காட்டு. காட்டலைன்னாலும் நான் வருவேன், குத்துமதிப்பா ஒரு எடத்துல எறக்குவேன். உன்னை விட்டுட்டுப் போவ மாட்டேன் கேட்டியா."

இவளைத் தெரியும் எனக்கு. சொன்னால் செய்வாள். படம் போகாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இறங்குவாள்.

இரும்புக் கம்பியோடு நாள் முழுக்க நடந்தேன். பள்ளம் நான் நினைத்ததைவிட நீளம். கெட்டியான இடம், அடிவானத்துக்கு முன்னால் எருமை படுத்த மாதிரி இருக்கும் இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே கம்பி உதைத்த உதையில் தோள் வலிக்கிறது.

நாள் 158, காலை 09:50

வரைந்துவிட்டேன். அடிவானத்தில் பதினோரு படி. ஒவ்வொன்றையும் அப்படியே விட்டிருக்கிறேன். இத்தனை அசிங்கமாக நான் ஒரு படமும் போட்டதில்லை. கை தானாக நிமிர்த்தப் போனது, இழுத்துப் பிடித்தேன்.

இரண்டு பாறைகளுக்கு நடுவில், இறங்க வேண்டிய இடத்தில், ஆட்டை நிறுத்தியிருக்கிறேன். ஆடு பேச்சியின் வேலை. நான் வரைவது இதுதான் முதல் தடவை. நேற்றே எழுதியிருந்தாள்: "எக்கா, எறங்க வேண்டிய எடத்தை வரையச் சொன்னாவளாம்லா, அங்கன ஆட்டை நிறுத்து. ஆட்டுக்குக் காலு நாலு. மறந்துராத. பத்திரமா வா." பார்ப்பதற்கு ஆடு மாதிரி இல்லை, முக்காலி மாதிரி இருக்கிறது. பரவாயில்லை. கால் எங்கே ஊன்றுகிறதோ அதுதான் இடம்.

சத்தம் இப்போது நிற்பதே இல்லை. தரை நடக்க முடியாத சரிவு. உடையை மாட்டியாயிற்று, தலைக்கவசமும் மாட்டியாயிற்று. காற்றுத் தடுப்பு அறையின் உள்கதவு திறந்தே இருக்கிறது, வெளிக்கதவுக்கு ஒரு பொத்தான்தான். செயற்கைக்கோள் 10:15க்கு மேலே வரும். படத்தை அனுப்பிவிட்டு ஓட வேண்டும். முன்பே ஓடலாம்தான். ஆனால் இந்தச் செருகியைப் பிடிக்க வேறு ஆள் இல்லை.

நாள் 158, காலை 10:16

போகிறது. இடது கை செருகியில், பதிவு குரலில். படம் மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாகப் போகும். மொத்தம் தொண்ணூறு. முதல் முப்பதும் வெறும் வானம், அதை ஏன் வரைந்தேனோ!

பன்னிரண்டு. பதிமூன்று.

மணி அலமாரியை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்குகிறது. கொண்டுபோகலாம் என்று இருந்தேன், கைக்கு எட்டாது.

முப்பத்தொன்று. அடிவானம் தொடங்குகிறது. படிகள் போகின்றன.

நாற்பது. ஏதோ ஒன்று அடியில் முறிந்தது. நிலையம் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. செருகி கழன்றது, அழுத்திவிட்டேன். நாற்பத்தொன்று போனதா? போனது.

ஐம்பத்திரண்டு. ஆட்டின் கொம்பு.

ஐம்பத்தெட்டு. பேச்சி, உன் ஆட்டின் முகத்தைக் கெடுத்துவிட்டேன், வையாதே.

அறுபது. வயிறு. கொம்பும் வயிறும் போய் என்ன பயன், கால் போக வேண்டும். கால் அறுபத்தேழில்.

அறுபத்து மூன்று. சங்கு ஊதுகிறது. இப்போதுதான் ஊதுகிறது. ஊது ராசா, ஊது.

அறுபத்தைந்து. தரை இறங்குகிற மாதிரி

அறுபத்தாறு.

அறுபத்தேழு. போய்விட்டது. நான்கு காலும் போய்விட்டது, ஜெபா, இடம் போய்விட்டது. மீதி வெறும் பனிதான், அது வேண்டாம். கையை எடுக்கிறேன். கதவு

மணி அடிக்கிறது. நான் தொடவில்லை.